ஒரே ஃபிலிமில் மூன்று கைகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் மணிமேகலை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் பாரதி அவர்களே, இதை ஏற்பாடு செய்த ஊத்துக்கொட்டாய் குடிநீர்க் குழுவின் தோழர்களே, துணையை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாரப்பன் அவர்களே, தாயை இழந்த மகள் சுகுணா அவர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சென்னப்பன். இருபத்தேழு ஆண்டுகள் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மறைந்த தீர்த்தம்மாள் அம்மையார் அதே மருத்துவமனையில், அதே எக்ஸ்ரே பிரிவில், இருட்டறை உதவியாளராக இருந்தவர். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அம்மையாரைப் புகழ்ந்தார்கள். நானும் புகழத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் புகழ்ந்தால் அது பொய்யாகிவிடும். தீர்த்தம்மாள் அம்மையார் மேல் நிர்வாகத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தவன் நான்தான். இவருக்கு வேலை தெரியவில்லை, இவரை மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதிலிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

இங்கே இருக்கும் இளம் வயதினர் பலர் இருட்டறையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எக்ஸ்ரேயில் பட்டனை அழுத்துவது பாதி வேலைதான். அழுத்தி முடித்ததும் ஃபிலிமில் ஒன்றுமே தெரியாது. அதுவும் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்பட ஃபிலிம் மாதிரிதான். கதிர் நேராகப் பட்ட இடம் கறுக்கும். எலும்பு மறைத்த இடம் வெளுத்து நிற்கும். ஆனால் அந்தக் கறுப்பும் வெளுப்பும் தானாக வந்துவிடாது. சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறைக்குள் ஃபிலிமைக் கம்பிச் சட்டத்தில் மாட்டி, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் தொட்டியில் இறக்க வேண்டும். நிமிடக் கணக்குத் தப்பாமல் தூக்க வேண்டும். தண்ணீரில் அலசி, படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் தொட்டியில் போட்டு, பிறகு ஓடும் தண்ணீரில் அரைமணி நேரம் கழுவி, காய வைக்க வேண்டும். அப்போதுதான் அது படம். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. விரல் நகமெல்லாம் பழுப்பேறிவிடும். புடவையில் புளித்த வாடை வீசும்.

இந்த வேலைக்கு அம்மையார் படித்துவிட்டு வரவில்லை. தீர்த்தமலைப் பக்கம் பிறந்தவர். பத்தாம் வகுப்பு முடித்தவர். பத்தொன்பது வயதில் மாரப்பன் அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டு ஊத்துக்கொட்டாய்க்கு வந்தார். இருந்த இரண்டு ஏக்கரும் வானம் பார்த்த நிலம். அதனால் தொண்ணூறில் எங்கள் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். நான்கு வருடம் கழித்து, இருட்டறையில் இருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போனபோது, வேறு ஆள் கிடைக்கும் வரை என்று சொல்லி இவரை உள்ளே அனுப்பினார்கள். அப்படிப் போனவர் இருபது வருடம் அங்கேயே இருந்தார்.

உள்ளே போன முதல் வாரத்திலேயே அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் பக்கத்துக் கோடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டெவலப்பர் இருபது டிகிரியில் இருக்க வேண்டும். இங்கே சித்திரை மாதம் அது முப்பதைத் தொடும். முன்பு இருந்தவர் ஐஸ் கட்டியை எடுத்து அப்படியே டெவலப்பருக்குள் போட்டுவிடுவார். ஐஸ் கரையக் கரைய மருந்து நீர்த்துப்போகும். அம்மையார் ஐஸை பாலிதீன் பையில் கட்டி, தொட்டியைச் சுற்றியிருக்கும் வெளித் தண்ணீரில் போட்டார். மருந்து டப்பாவில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கிழித்துச் சுவரில் ஒட்டினார். எத்தனை டிகிரிக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்து வேலை செய்தார். ஒரு நோட்டில் ஒவ்வொரு ஃபிலிமுக்கும் எண், டிகிரி, நிமிடம், நோயாளியின் ஊர் ஆகியவற்றை எழுதி வைத்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

தொண்ணூற்றேழாம் வருடக் கோடை. சில படங்கள் வெளிறி வர ஆரம்பித்தன. எலும்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக நின்றது. எலும்புக்குள் வலை போல நுணுக்கமான கோடுகள் தெரிய வேண்டும். அவை தெரியவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோன எலும்பு மருத்துவர் படத்தைத் தூக்கி மேஜை மேல் எறிந்து, இதை வைத்துக்கொண்டு நான் என்ன பார்ப்பது என்று என்னைக் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. மெஷினை நான் சரியாகத்தான் வைத்திருந்தேன் என்று எனக்கு உறுதி. அப்படியானால் தப்பு எங்கே? கதவுக்கு அந்தப் பக்கம்தான். டெவலப்பரில் போதுமான நேரம் வைக்காமல் அவசரமாகத் தூக்கிவிடுகிறார், அதனால்தான் படம் வெளுக்கிறது என்று முடிவு கட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. கூட்டிப் பெருக்க வந்த பெண்தானே என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அதை இன்று மறைத்து என்ன ஆகப்போகிறது?

நிர்வாகம் அவருக்கு மெமோ கொடுத்தது. ஒரு வாரத்தில் பதில் எழுத வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் பழையபடி வார்டு பெருக்கப் போக வேண்டும்.

அந்த வாரத்தில்தான் மாது வந்தார். இங்கே இருக்கும் பலருக்கு அவரைத் தெரியும். ஊத்துக்கொட்டாய்க்காரர், கிணறு வெட்டப் போய்க்கொண்டிருந்த மனிதர். வயது ஐம்பதுகூட இல்லை. கழுத்தைத் திருப்ப முடியாது, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். குந்தி உட்கார முடியாது. முழங்கை நீளாது. அவருக்குக் கை எக்ஸ்ரே எழுதியிருந்தார்கள். எடுத்தேன். வெளுத்து வந்தது. இரண்டாம் முறை எடுத்தேன். அதுவும் வெளுத்தது. மூன்றாம் முறை அவரை அழைத்தபோது மாது என்னிடம் கேட்டார்.

"மூணு வாட்டி ஆச்சுங்களே. எனக்கு எலும்பு கிலும்பு இல்லீங்களா சார்?"

எனக்கு வந்த கோபத்தில் இருட்டறைக் கதவைத் தட்டி, ஈரப் படத்தோடு அம்மையாரை வெளியே வரச் சொன்னேன். நோயாளி முன்னாலேயே கத்தினேன். எத்தனை ஃபிலிமைப் பாழாக்குவாய் என்று கேட்டேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. அழவும் இல்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எலும்பைச் சுற்றியிருந்த கறுப்புப் பகுதிக்குப் பின்னால் தன் விரலை வைத்தார்.

"என் வெரலு தெரியுதுங்களா சார்?"

தெரியவில்லை என்றேன்.

"டெவலப்பர்ல பத்தாம எடுத்திருந்தா இந்தக் கறுப்பும் வெளுத்திருக்கும். வெரலு தெரிஞ்சிருக்கும். கறுப்பு கறுப்பாத்தான் இருக்குது. எலும்பு மட்டும்தான் வெளுத்திருக்குதுங்க."

விரலை வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனை நான் படித்ததுதான். படித்துவிட்டு மறந்துபோனது. அவர் யாரிடமும் படிக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஃபிலிமைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அவராகவே கண்டுகொண்டார். உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்தார். வெளுத்த படங்களுக்கு எதிரே சின்னப் புள்ளி வைத்திருந்தார். முப்பத்தொரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் நேரே ஊர்ப் பெயரைப் பார்த்தேன். ஊத்துக்கொட்டாய், ஊத்துக்கொட்டாய், ஊத்துக்கொட்டாய். நடுவில் பக்கத்துக் கொட்டாய் ஊர்கள் இரண்டு. அவ்வளவுதான். அதே நாள், அதே தொட்டியில் கழுவிய வேறு ஊர்ப் படங்கள் நன்றாக இருந்தன.

"டெவலப்பர் ஆளப் பாத்து வேல செய்யாதுங்க சார். எங்க ஊருக்காரங்களோடது மட்டும் ஏன் இப்பிடி வருது?"

இதுதான் தீர்த்தம்மாள் அம்மையார் கேட்ட கேள்வி. பெரிய படிப்புப் படித்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மெமோவுக்குப் பதில் எழுத வேண்டிய வாரத்தில், வேலை போகுமோ என்ற பயத்தில் இருந்த பெண் கேட்ட கேள்வி.

ஆனாலும் நான் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. என் வீம்பு அப்படி. அவரே ஒரு வழி சொன்னார். ஒரே ஃபிலிமில் மாதுவின் கையையும் தன் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுக்கலாம் என்றார். ஒரே கதிர், ஒரே தொட்டி, ஒரே நிமிடம். எலும்பில் வித்தியாசம் இருந்தால் படத்தில் தெரிந்துவிடும். தேவையில்லாமல் யாருக்கும் எக்ஸ்ரே எடுக்கக் கூடாது என்பது விதி. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்தேன். அன்றைக்கு எட்டு வருடத்தில் முதல் தடவையாக நானும் இருட்டறைக்குள் போய் நின்றேன். சிவப்பு வெளிச்சத்தில் அவர் உதடு அசைய நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஃபிக்ஸரிலிருந்து தூக்கிப் பார்த்தோம். இரண்டு கையுமே வெள்ளை.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பார்த்தாயா, உன் கையும் அப்படியேதான் வந்திருக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டேன். அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, உங்கள் கையையும் சேர்த்து வைத்து இன்னொரு முறை எடுங்கள் சார் என்றார்.

மார்புக்கு எடுக்கும் பெரிய ஃபிலிமை எடுத்தோம். முதலில் மாதுவின் கை, நடுவில் அம்மையாரின் கை, ஓரத்தில் என் கை. மணிமேகலை அம்மா அப்போது எங்கள் மருத்துவமனையில் பொது மருத்துவராக இருந்தார். எட்டிப் பார்த்தவரைப் பட்டனை அழுத்தச் சொன்னோம். அவர் தலையாட்டுகிறார் பாருங்கள், நினைவிருக்கிறது. படம் வந்தது. என் எலும்பு சாதாரணச் சாம்பல் நிறத்தில், உள்ளே வலைக்கோடுகளோடு இருந்தது. மற்ற இரண்டும் சுண்ணாம்பு. அதோடு அந்த இரண்டு கைகளிலும், முழங்கைக்குக் கீழே இருக்கும் இரட்டை எலும்புக்கு நடுவே, முள் முள்ளாக ஏதோ வளர்ந்திருந்தது. மாதுவுக்கு நிறைய. அம்மையாருக்கு அப்போதுதான் ஆரம்பம்.

மணிமேகலை அம்மா அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். நீங்கள் இருவரும் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். எண்பத்து மூன்றில் போட்ட அடிபம்புத் தண்ணீர். மருத்துவர் பல்லைப் பற்றிக் கேட்டார். ஊரில் பிள்ளைகளுக்குப் பல் எப்படி இருக்கும் என்று கேட்டார். காவி ஏறியிருக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்றார் மாது. அது தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு செய்கிற வேலை என்றும், பல்லில் தொடங்கி எலும்புக்குப் போகும் என்றும் மருத்துவர் சொன்னார்.

அப்போது அம்மையார் சொன்ன ஒரு வார்த்தை இன்றுவரை என் காதில் இருக்கிறது.

"நல்லா பல்லு வெளக்கறதில்லன்னு எம் புள்ளைய அடிச்சிருக்கேனுங்க."

சுகுணாவுக்கு அப்போது பதினோரு வயது. தன் எலும்பு வெளுத்துப்போனதைப் பார்த்துக் கலங்காத பெண், அந்த ஒரு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அன்று நான் என் புகாரைத் திரும்ப வாங்கினேன். அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்பீர்கள். அதைப் பற்றிப் பேச அவருக்கு நேரமே இருக்கவில்லை. அடுத்த வாரமே தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். அனுமதித்த அளவைப் போல நான்கு மடங்கு என்று முடிவு வந்தது.

முடிவு வந்துவிட்டால் போதுமா? ஊர் நம்ப வேண்டாமா? தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கிறது, நாறவில்லை, குடித்தால் வயிற்றைக் கலக்கவில்லை. இதைக் குடிக்காதீர்கள் என்றால் யார் கேட்பார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெரிய ஃபிலிமை எடுத்துக்கொண்டு அம்மையார் பம்படிக்குப் போனார். கூட நானும் போனேன். குடத்தோடு நின்ற பெண்களுக்கு நடுவே படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இது மாதண்ணன் கை, இது என் கை, இது வெளியூர்க்காரர் கை, நீங்களே பாருங்கள் என்றார். எல்லோரும் பார்த்தார்கள். பம்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற ராமக்காள் என்ற பெரியவர் கேட்டார்.

"படத்தக் காட்டி தண்ணிய நிறுத்திப்புட்டா, எங்க வூட்டுப் பானையில நீ எதக் கொண்டாந்து ஊத்துவ?"

நியாயமான கேள்வி. தன்னிடம் பதில் இல்லை என்பதை அம்மையார் அங்கேயே ஒத்துக்கொண்டார். பதிலோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்.

அடுத்த மூன்று மாதத்தில் சுற்று வட்டாரத்தில் இருந்த ஒன்பது கிணறு, பம்புகளின் தண்ணீரைச் சோதிக்க வைத்தார். ஓடைக்கரையில் ஒரு பாசனக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர் என்று வந்தது. ஊரிலிருந்து ஒன்றரை மைல். கிணற்றுக்காரர் முதலில் மறுத்தார். மாரப்பன் அவர்கள் நான்கு நடை நடந்து பேசி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்தார். குளிக்கவும் துவைக்கவும் பம்பு, குடிக்கக் கிணறு. முதல் மாதம் அந்தக் கிணற்றுக்குப் போனது மூன்று வீடு. அம்மையார் வேலைக்குப் போகும் முன்பே இரண்டு நடை போய்வந்துவிடுவார். வருடம் முடிவதற்குள் இருபத்தாறு வீடு போனது. ராமக்காள் வீடும் போனது. பல்லில் காவி இல்லாத முதல் பிள்ளைகள் அந்த வீடுகளில்தான் வளர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் பாரதி டீச்சர் பள்ளியில் இன்று ஆசிரியர்கள்.

பிறகு பல வருடம் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மற்றவர்கள் காகிதத்தோடு நிற்பார்கள். இவர் ஃபிலிம் உறையோடு நிற்பார். கடைசியில் குழாயில் காவிரித் தண்ணீர் வந்தது. அது பெரிய திட்டம். எத்தனையோ பேர் உழைத்தது. தீர்த்தம்மாள் கொண்டுவந்தார் என்று நான் சொன்னால் அவரே கோபித்துக்கொள்வார். ஆனால் எங்கள் பகுதிக்கு வந்த குழாய் ஊத்துக்கொட்டாய்க்கு முன்னால் நின்றுவிடாமல், கடைசி வீடுவரை வந்ததற்கு அந்த ஃபிலிம் உறைக்குப் பங்கு உண்டு. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இன்னொரு தடவை நான் தப்பாகப் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்துப் பதினான்கில் எங்கள் மருத்துவமனைக்கு டிஜிட்டல் எக்ஸ்ரே வந்தது. ஃபிலிம் வேண்டாம், தொட்டி வேண்டாம். அம்மையார் வருத்தப்பட்டாரா? இல்லை. என் முதுகு பிழைத்தது என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். அவரைப் பதிவு அறைக்கு மாற்றினார்கள். அவர் கலங்கியது வேறு ஒன்றுக்கு. பழைய ஃபிலிம்களில் வெள்ளி இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப் போவார்கள். பழைய ஃபிலிம்களைப் போட்டு வைத்திருந்த கொட்டகையின் எல்லாக் கட்டுகளையும் கொடுத்துவிட நிர்வாகம் முடிவு செய்தது. அந்தக் கட்டுகளில்தான் ஊத்துக்கொட்டாய்ப் படங்களும் இருந்தன. குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் இந்த ஊரின் எலும்பு எப்படி இருந்தது என்பதற்கு வேறு எந்தச் சாட்சியும் கிடையாது. நகல் கிடையாது.

விட்டுவிடுங்கள் தீர்த்தம்மா, ஓய்வு பெறப் போகிற காலத்தில் ஏன் வம்பு என்று நான் சொன்னேன். அவர் வம்புக்குப் போகவில்லை. மேலாளரிடம் போய் ஒரு கேள்வி கேட்டார். நோயாளி தன் ஃபிலிமைத் தானே கேட்டு வாங்கினால் கொடுப்பீர்களா? கொடுப்போம் என்றார் மேலாளர். லாரி வர எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் லீவு போட்டார். முப்பத்தொன்றாக இருந்த புள்ளிகள் அதற்குள் நூறைத் தாண்டியிருந்தன; நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய வீட்டைத் தேடிப் போனார். பென்னாகரம் சந்தையில் இரண்டு பேரைப் பிடித்தார். ஒசூரில் கட்டட வேலைக்குப் போனவரைத் தேடி பஸ் ஏறினார். இறந்துபோனவர்களின் வீட்டில் வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கினார். அவருக்கு அப்போதே கழுத்து இறுகத் தொடங்கியிருந்தது. படி ஏறும்போது கீழே பார்க்க முடியாது, காலால் தடவித் தடவித்தான் ஏறுவார்.

லாரி வந்த நாள் காலையில் நூற்று நாற்பத்து மூன்று கடிதங்களை மேலாளர் மேஜையில் வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். என் ஃபிலிமை என்னிடமே கொடுங்கள். மாது கோலை ஊன்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து வாசலில் நின்றார். மேலாளர் கடிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். லாரி மற்றக் கட்டுகளோடு போனது. அந்த நூற்று நாற்பத்து மூன்றும் மாட்டு வண்டியில் இல்லை, ஆட்டோவில் இல்லை, மாரப்பன் அவர்களின் மொபெட்டில் ஏழு நடையாக வீடு போய்ச் சேர்ந்தன.

அந்த ஃபிலிம்களை நான் சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். சரியாகக் கழுவாத ஃபிலிம் பத்து வருடத்தில் பழுப்பாகிவிடும். இவற்றில் பழையவை இருபத்தெட்டு வருடமாகியும் நேற்றுக் கழுவியது போல இருக்கின்றன. அவசர நாளிலும் அரைமணி நேரத்தில் ஒரு நிமிடம் குறைக்காத கை அது. மூன்று வருடத்துக்கு முன்னால் மணிமேகலை அம்மாவோடு வந்த ஆய்வுக் குழு அந்தப் படங்களைப் பார்த்தது. அதே குடும்பங்களின் அடுத்த தலைமுறையைப் புதிய முறையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் வளர்ந்த பிள்ளைகளின் எலும்பு, என் எலும்பு மாதிரியே சாம்பல் நிறம். அந்த முடிவைக் கேட்ட அன்று அம்மையார் தன் மகளைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சுகுணா சொன்னார்.

ஆனால் தன் எலும்பில் ஏறியது ஏறியதுதான். அது இறங்காது. கடைசி வருடங்களில் அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பார்த்தே பழகிய மனிதருக்கு மேலே பார்க்க முடியவில்லை. கணவர் படத்தைத் தரையில் சாய்த்து, பின்னால் டார்ச் அடிப்பார். அவர் குனிந்தபடியே பார்ப்பார்.

இறப்பதற்கு மூன்று வாரம் முன்னால் நான் அவரைப் பார்க்கப் போனேன். உடம்பைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு பட்டியலை எடுத்துக் கொடுத்தார். புதிதாகக் குடியேறிய கொட்டாய்கள், குழாய் எட்டாத இடங்கள், வாரத்துக்கு ஒருநாள் மட்டும் குழாய்த் தண்ணீர் வருவதால் மிச்ச நாளில் போர்வெல் தண்ணீரைக் குடிக்கும் இடங்கள். மொத்தம் பத்தொன்பது ஊர். இதில் ஒன்றில்கூடச் சமீபத்தில் யாரும் தண்ணீரைச் சோதிக்கவில்லை. இந்த ஊர்களில் எல்லாம் முகாம் போட்டு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டேன். எக்ஸ்ரேக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்?

"படம் எடுத்தது போதுங்க சார். படத்துல தெரியறப்ப எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். மொதல்ல தண்ணியப் பாருங்க."

என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தைகள் இவை. தன் வாழ்நாள் வேலையைப் பற்றி இப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? நான் செய்தது பெரிது என்று சொல்லிக்கொள்ளவில்லை. நான் செய்ததை இன்னொருவர் செய்ய வேண்டிய நிலையே வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவையோரே! அழுதுவிட்டுக் கலைந்துபோகவா நாம் கூடினோம்? இரண்டு நிமிடம் எழுந்து நின்றால் தீர்த்தம்மாள் அம்மையாருக்குக் கடமை முடிந்துவிடுமா? முடியாது. பத்தொன்பது ஊர் மிச்சம் இருக்கிறது. நேற்று மாலை குடிநீர்க் குழு கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனி இந்தப் பகுதியில் ஒவ்வொரு போரிலும் ஒவ்வொரு பம்பிலும் வருடத்துக்கு இரண்டு முறை, கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை, தண்ணீரைச் சோதித்து, முடிவை அந்தப் பம்படியிலேயே எழுதி வைப்போம். அளவு மீறினால் குழாய் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் மனுவோடு போவோம். ஒருவர் ஓய்ந்தால் அடுத்தவர் போவோம். சுகுணா இந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். பாரதி டீச்சர் பள்ளியின் சோதனைக்கூடத்தைத் தருகிறார். மணிமேகலை அம்மா முடிவுகளைச் சரிபார்க்கிறார். இது மேடைக்காகச் சொல்லும் உறுதிமொழி இல்லை. முதல் ஊருக்குப் போகும் நாள் வரும் ஞாயிறு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மண்டபத்து வாசலில் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். அதில் பூ இல்லை. இருநூறு காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. பெயர், ஊர், எந்தப் போர், எத்தனை அடி ஆழம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். நாளைக் காலையில் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பிடித்து பள்ளியில் கொண்டுவந்து கொடுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நல்லம்பள்ளியில் நான் ஒரு வீடு கட்டினேன். நானூற்று இருபது அடியில் போர். அந்தத் தண்ணீரைத்தான் ஒன்பது வருடமாக நானும் என் மனைவியும் குடிக்கிறோம். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அவர்களும் குடிக்கிறார்கள். இவ்வளவு தெரிந்த நான் அதை ஒருநாளும் சோதித்தது கிடையாது. நல்ல தண்ணீராகத்தான் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டிலை நான் எடுத்துக்கொள்கிறேன். வணக்கம்.